சான்ஸி ஹப்பெலின் வீடு நின்ற இடங்கள்

1847ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, வக்கீல் சான்ஸி ஹப்பெல் மதியச் சாப்பாட்டுக்காகக் கோர்ட்டிலிருந்து திரும்பியபோது அவருடைய வீடு பதினோரு அடி மேற்கே தள்ளி நின்றிருந்தது. அளவில் பிழை இல்லை. ஆல்டர்ஃபோர்டு ஊரின் நில அளவையாளர் மறுநாள் காலையில் சங்கிலி போட்டு அளந்து எழுதி வைத்திருக்கிறார். சுவரில் கீறல் இல்லை, புகைபோக்கியில் ஒரு கல் பெயரவில்லை. நிலவறையும் அதிலிருந்த உருளைக்கிழங்கும் ஆப்பிள் மதுப் பீப்பாய்களும் வீட்டோடு கூடவே போயிருந்தன. வீடு முன்பு நின்ற இடத்தில் பள்ளம் எதுவும் இல்லை. போன வருடத்துப் பழுப்புப் புல்தான் இருந்தது, அங்கே யாரும் ஒருநாளும் அஸ்திவாரம் தோண்டாததுபோல. பத்து வருடப் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே வந்த ஹப்பெல், வாசற்படி இருந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்தார். படி அங்கே இல்லாததால் சேற்றில் விழுந்தார். சத்தம் கேட்டு அவருடைய மனைவி லொவீனா ஜன்னலைத் திறந்தாள். அவள் கல்யாணமான நாளிலிருந்து கணவரை மிஸ்டர் ஹப்பெல் என்றுதான் கூப்பிடுவாள்.

"மிஸ்டர் ஹப்பெல், அங்க என்ன பண்றீங்க? பீன்ஸ் ஆறுது."

"வீடு நகர்ந்திருக்கு, லொவீனா."

"அப்படியா? அதான் பதினொரு மணி வாக்குல பால் சட்டியில பால் ஒரு பக்கமா சாஞ்சுது. நான் பூமிதான் ஆடுதுன்னு நெனச்சேன்."

அவர் கோட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு வெளியே வந்து கிணற்றைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி கிணற்றைப் பார்த்தார். இரண்டில் எது நகர்ந்தது என்பதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் அதற்குப் பிறகு அவரை விட்டுப் போகவில்லை.

ஹப்பெல் தோல் பதனிடுபவரின் மகன். ஒரு நீதிபதியின் அலுவலகத்தில் மூன்று வருடம் எடுபிடி வேலை செய்தபடியே சட்டம் படித்து வக்கீலானார். கனெக்டிகட் மாநிலத்தின் அந்த மேற்குப் பகுதியில் அவரைவிடப் படித்த வக்கீல்கள் இருந்தார்கள், அவரைவிட உரக்கப் பேசுகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குரலை உயர்த்தமாட்டார். யாரையும் பொய்யர் என்று சொல்லமாட்டார். அன்பாக, ஒன்றன்பின் ஒன்றாக, சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போவார். கூண்டில் நிற்பவர் ஒரு கட்டத்தில் தன் பெயரையே யோசித்துச் சொல்ல ஆரம்பிப்பார். வீடு நகர்வதற்கு ஐந்து மாதம் முன்பு, அக்டோபரில், மேட்டக் ஆற்றின் கரையில் இருந்த நாற்காலித் தொழிற்சாலைக்காக அவர் ஒரு வழக்கு நடத்தினார். தொழிற்சாலைக்காரர்கள் அணையை இருபதடி உயர்த்த நினைத்தார்கள். உயர்த்தினால் கெசையா லூமிஸ் என்ற விதவையின் நாற்பது ஏக்கர் நிலமும் வீடும் தண்ணீருக்குள் போகும். பழைய பத்திரப்படி, ஒரு ஓக் மரம் வரைக்கும்தான் தண்ணீரைத் தேக்க உரிமை. மரம் புயலில் விழுந்து பல வருடமாகிவிட்டது. அந்த அம்மாளின் வீடு மரத்துக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் வழக்கு. நாடா வைத்த கறுப்புத் தொப்பியைக் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறிய கெசையா, மரத்துக்கு மேட்டுப்பக்கம் என்று முதலில் தெளிவாகத்தான் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம் அம்மா," என்றார் ஹப்பெல். "உங்க வீட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல எத்தனை வேலி?"

"ரெண்டு."

"கல்லு வேலியைச் சேத்தா, சேக்காமலா?"

"சேத்து. இல்ல, சேக்காம."

"அந்தக் கல்லு வேலி உங்க வீட்டுக்காரர் போட்டதா, மாமனார் போட்டதா? வேலி முதல்ல வந்துதா, மரம் முதல்ல விழுந்துதா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஜூரியில் உட்கார்ந்திருந்த தேவாலயப் பொறுப்பாளர், டீக்கன் ஆசா கிரிட்லி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நாற்பத்து மூன்றாவது கேள்வியில் அந்த அம்மாள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியலைங்க. காலையில கெளம்பறப்ப தெரிஞ்சுது," என்றார். ஜூரி பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னது. நவம்பரில் அணை உயர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அந்த வீட்டின் கூரையில் பனிக்கட்டி உறைந்து, பிறகு கூரையும் தெரியாமல் போனது. தொழிற்சாலைக்காரர்கள் ஹப்பெலைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற கூட்டாளிகள் ஒருவர் இறந்து, ஒருவர் மேற்கே போய், இரண்டே வருடத்தில் அவரே முதலாளியானார்.

முதல் வருடம் வீடு நாலு முறை நகர்ந்தது. இரண்டாம் வருடம் பதினேழு முறை. நகர்வதை யாரும் பார்த்ததில்லை. ஹப்பெல் வெளியே போயிருக்கும்போது மட்டும், பட்டப்பகலில், வீடு தன் பாட்டுக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் லொவீனாவுக்குப் பால் சாய்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் ஜன்னலைத் திறந்து பார்த்தவுடனே எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிடும். கோழிகள் பின்னாலேயே நடந்து வந்துவிடும். கிணறு வராது. அதனால் எந்த வீட்டருகே நின்றாலும் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க அவள் கேட்டு வைத்துக்கொள்வாள். திண்டாடியவர் ஹப்பெல்தான். கோர்ட்டுக்குப் போகும் வழியோ தொழிற்சாலைக்குப் போகும் வழியோ அவருக்கு ஒருநாளும் தப்பியதில்லை. வீடு திரும்பும்போதுதான் தெருமுனையில் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் விசாரிப்பார். "மெதடிஸ்ட் கோயில் பின்னாடி பாத்தேன் வக்கீலய்யா, இந்தத் தடவ தெக்க பாத்து நிக்குது" என்பார்கள்.

ஒருமுறை வீடு டீக்கன் கிரிட்லியின் மாட்டு மேய்ச்சலில் போய் நின்றது. டீக்கன் வைக்கோல் வாரும் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

"சான்ஸி, அத்துமீறி நுழையறதுன்னு சட்டத்துல ஒண்ணு இருக்கா இல்லையா?"

"நான் நுழையலையே டீக்கன். நான் கோர்ட்டுல இருந்தேன். சாட்சி இருக்கு."

"அப்ப யாரு நுழைஞ்சது, வீடா? நான் வீட்டு மேல கேஸ் போடட்டுமா?"

"போடுங்க. நானே உங்களுக்கு வக்கீலா வரேன். ஆனா சம்மனை எந்த விலாசத்துக்கு அனுப்பறதுன்னு மட்டும் சொல்லிருங்க."

அந்த வருட ஊர்க்கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டார்கள். தானாக வந்து நிற்கும் வீட்டை ஒரு வாரம் வரை அத்துமீறலாகக் கருதக்கூடாது, விளைந்த பயிர்மேல் நின்றால் மட்டும் வைக்கோல் ஈடாகத் தரவேண்டும். அதே கூட்டத்தில் பன்றிகளைத் தெருவில் விடுவது பற்றியும் ஒரு தீர்மானம் நிறைவேறியது.

ஹப்பெல் சும்மா இருக்கவில்லை. கப்பல் கயிற்றை வரவழைத்து வீட்டை நாலு மூலையிலும் மேப்பிள் மரங்களில் கட்டினார். மாலையில் வந்தால் முடிச்சு அவிழாமல் கயிறு மட்டும் கிடந்தது. பிறகு மூன்று வாரம் வெளியே போகாமல் முன்னறையில் உட்கார்ந்து காவல் காத்தார். வீடு அசையவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலை, கொல்லைக் கக்கூஸுக்குப் போய்விட்டுக் கதவைத் திறந்தவர், எதிரே வெறும் வயலைப் பார்த்தார். அன்று அவர் வீட்டுக்குள் போடும் செருப்போடு ஒன்றரை மைல் நடந்தார். மருத்துவர் அவருக்கு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நோய் வீட்டுக்குத்தான், உமக்கில்லை என்றார். பாதிரியாரிடம் கேட்டபோது அவர் வேறு பேச்சுக்கு மாறினார். "நான் என்ன பண்ணேன்?" என்று ஹப்பெல் லொவீனாவிடம் பல தடவை கேட்டிருக்கிறார். லொவீனா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே, "அத நீங்கதான் சொல்லணும், மிஸ்டர் ஹப்பெல்," என்பாள். அவர் யோசிப்பார். ஒன்று நினைவுக்கு வரும். அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை யோசிப்பார்.

இதற்கிடையே தொழிற்சாலை வளர்ந்தது. நூற்று நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். கறுப்பு வண்ணம் பூசி முதுகில் திராட்சைக்கொத்து எழுதிய ஆல்டர்ஃபோர்டு நாற்காலிகள் நியூயார்க் துறைமுகம் வழியாகக் கியூபாவரை போயின. அரசியலுக்கு அவரைக் கொண்டுவந்தது வீடுதான். ஐந்து வருடத்தில் அது ஆல்டர்ஃபோர்டின் எல்லா மூலைகளிலும் நின்றுவிட்டதால், ஊரில் பாதிப் பேர் ஏதாவதொரு வாரத்தில் ஹப்பெலின் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்திருந்தார்கள். லொவீனாவின் பூசணிப் பலகாரத்தை வேலிக்கு மேலாக வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். சட்டசபைக்கு நின்றபோது, "நம்ம பக்கத்து வீட்டுக்காரர்தானே" என்று ஓட்டுப் போட்டார்கள். மாடுகளுக்கு அடையாளம் போடுவது பற்றியும் பாலங்கள் பற்றியும் அவர் நல்ல சட்டங்கள் கொண்டுவந்தார். 1854 ஏப்ரலில் மாநிலச் செனட்டுக்கு நின்று, கர்னல் எராஸ்டஸ் பாம்ராய் என்பவரைத் தோற்கடித்தார். அங்கேதான் சிக்கல் வந்தது. தேர்தல் நாளன்று வீடு முதல்முறையாக ஊர் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தொகுதியான வுட்பைனுக்குள் போய் நின்றுவிட்டது. தொகுதியில் குடியிருக்காதவர் செனட்டராக முடியாது என்று பாம்ராய் மனுக் கொடுத்தார்.

சட்டசபை கூடும் ஹார்ட்ஃபோர்டில் ஒன்பது பேர் கொண்ட குழு விசாரித்தது. பாம்ராயின் வக்கீல் மென்மையாகப் பேசும் ஓர் இளைஞன்.

"ஓட்டுப் போடக் கெளம்பறப்ப உங்க வீடு எங்க இருந்துது, ஐயா?"

"ஆல்டர்ஃபோர்டுல."

"திரும்பி வந்தப்ப?"

"வுட்பைன்ல."

"நடுவுல? நீங்க சீட்டைப் பெட்டியில போட்டீங்களே, அந்த நிமிஷத்துல?"

ஹப்பெல் வாயைத் திறந்தார். பதில் சொல்லத்தான் திறந்தார். கண்ணுக்கு முன்னால் வீடு வர வேண்டிய இடத்தில் வேலிகள் வந்தன, மரங்கள் வந்தன, யாருடையதென்று தெரியாத ஒரு படிக்கட்டு வந்தது. "தெரியாது," என்றார். அறையில் யாரோ சிரித்தார்கள். குழு இரண்டு நாள் வாதாடிக் கடைசியில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அவருக்கே இடத்தைக் கொடுத்தது. தான் குடியிருக்கும் இடம் தெரியாத ஒருவர் வேறு இடத்தில் குடியிருப்பதாக நிரூபிக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நண்பர்கள் கைகுலுக்கினார்கள். ஹப்பெல் நேராக வண்டி பிடித்து ஆல்டர்ஃபோர்டு வந்தார். வீட்டைத் தேடாமல் சேணக்காரர் கடைக்குப் போனார். கடைக்குப் பின்னால் ஓர் அறையில், சேணக்காரரின் அத்தையான கெசையா லூமிஸ் எட்டு வருடமாகக் குடியிருந்தார். மடியில் சட்டியை வைத்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"வக்கீலய்யாவா? உக்காருங்க. உங்க பேக்டரி நாற்காலிதான், பயப்படாம உக்காரலாம்."

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இன்னமுமா?" என்றார் கெசையா. "நாப்பத்து மூணு கேட்டீங்களே."

ஹப்பெலுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அந்த வீடு நீங்க சொன்ன பக்கத்துலதானே இருந்துது?" என்று கேட்டார்.

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன். கோர்ட்டுக்கு முந்தி, கண்ண மூடினா வீடு தெரியும். கதவு, படி, மரம், எல்லாம் அப்படியே நிக்கும். நீங்க கேட்டதுக்கப்புறம் கண்ண மூடினா வேலிதான் தெரியுது. அதுவும் சில நாள் ரெண்டு, சில நாள் மூணு."

ஆப்பிள் தோல் ஒரே சுருளாகத் தரையில் விழுந்தது. ஹப்பெல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மேட்டுப்பக்கம்தான் இருந்துது அம்மா. பழைய வரைபடம் ஒண்ணு என் மேஜையில இருந்துது. கேஸுக்கு மொத நாள் அதை அடுப்புல போட்டேன்."

கெசையா கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துது," என்றார், தனக்குத்தானே. "எனக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு எந்தம்பி மகனே சொல்றான். நானும் ஆமான்னு இருந்துட்டேன்."

"தண்ணிய எறக்கிடறேன். நிலத்தைத் திருப்பி எழுதித் தரேன்."

"எறக்கினா பேக்டரி ஓடுமா?"

"ஓடாது."

"அங்க வேலை பாக்கறவங்க?"

ஹப்பெல் தரையில் கிடந்த ஆப்பிள் தோலை எடுத்துச் சட்டியில் போட்டார்.

"எனக்கு ஒரு தடவ பாக்கணும். பாத்துட்டு மதக மூடிருங்க," என்றார் கெசையா.

ஆகஸ்டில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும், அணையைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி மதகைத் திறந்தார்கள். ஒன்பது நாளில் தேக்கம் வடிந்தது. நூற்று நாற்பது பேரும் வேலையை விட்டுவிட்டுக் கரையில் வந்து நின்றார்கள். சேறு வெயிலில் வெடித்துக் கிடந்தது. அதில் உடைந்த நாற்காலிக் கால்கள் ஆயிரக்கணக்கில் நட்டுக்கொண்டு நின்றன. கெசையா பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். ஹப்பெல் கையைக் கொடுத்தார், அவர் பிடித்துக்கொள்ளவில்லை. வீட்டைத் தண்ணீர் எப்போதோ பிரித்துக் கொண்டுபோயிருந்தது, அஸ்திவாரம் சேற்றுக்குள் மறைந்திருந்தது. கல் வேலிகள் இரண்டல்ல, ஏழெட்டு இருந்தன. அடிமரங்கள் ஆறு இருந்தன, ஆறும் ஓக். அந்த அம்மாள் ஓரிடத்தில் நின்று, "இதுவா இருக்கலாம்," என்றார். பத்தடி தள்ளிப்போய், "இல்ல, இதுவோ," என்றார். திரும்பி ஹப்பெலைப் பார்த்தார். வரைபடத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஒவ்வொரு அடிமரமாகப் போய்க் குனிந்து பார்த்தார். எட்டு வருடமாக ஒதுக்கி வைத்த அந்த வரைபடத்தின் நினைவு எப்போதோ அவரிடமிருந்தும் போய்விட்டிருந்தது. கரையை நோக்கித் திரும்பி, உரக்க, "இந்த அம்மா வீடு மரத்துக்கு மேட்டுப்பக்கம் இருந்துது! எனக்குத் தெரிஞ்சே மறைச்சேன்!" என்று கத்தினார். கரையோரமாக நின்ற மேஸ்திரி ஆம்ப்ரோஸ் ரைஸ், கேலியாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, "எந்த மரத்துக்கு, ஐயா?" என்று கேட்டார். ஹப்பெல் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க," என்றார் கெசையா. "கோட்டு பாழாகுது. நான் பாக்கணும்னேன், பாத்தாச்சு."

மறுவாரம் மதகை மூடினார்கள். ஹப்பெல் கோர்ட்டுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். முடிந்த வழக்கை மறுபடி திறக்க முடியாது என்று கோர்ட்டார் பதில் எழுதி, வக்கீல்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். நாற்பது ஏக்கர் தண்ணீரை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்காமல், கெசையா லூமிஸ் பேரில் அவர் பத்திரம் எழுதினார். டீக்கன் கிரிட்லி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடும்போது அந்த அம்மாளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு, சேணக்காரர் கடைக்குப் பின்னால் ஹப்பெலின் வீடு வந்து நின்றது. சமையலறைக் கதவு கெசையாவின் ஜன்னலுக்கு நாலடி தூரத்தில், நேருக்கு நேராக இருந்தது. லொவீனா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பெண்களும் அதற்கு முன்பு ஒருவரோடொருவர் பேசியதில்லை.

"இப்படியே எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கெசையா கேட்டார்.

"அதுக்குத்தான் தெரியும். மேற்கு ரூம் காலியா இருக்கு. வெயில் நல்லா வரும்."

"ராட்டை வைக்க எடம் இருக்கா?"

"ரெண்டு ராட்டை வைக்கலாம்."

கெசையா ஒரு டிரங்குப் பெட்டியையும் ராட்டையையும் ஜன்னல் வழியாகவே கொடுத்துவிட்டு, தான் மட்டும் மரியாதையாகக் கடை வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார். மதியம் கோர்ட்டுக்கும் போகாமல் தொழிற்சாலைக்கும் போகாமல் ஊர் சுற்றிவிட்டு வந்த ஹப்பெல், தன் மேஜையில் அந்த அம்மாள் உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டு வெளியே போனார். லொவீனா போய் அழைத்துவர வேண்டியிருந்தது.

இனி வீடு நகராது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பாதிரியார் அந்த ஞாயிற்றுக்கிழமை அதைவைத்தே பிரசங்கம் செய்தார். திங்கட்கிழமை காலை ஹப்பெல் முகம் மழிக்கப் போயிருந்தபோது வீடு முக்கால் மைல் போய்விட்டது. அவர் பாதித் தாடியில் சோப்பு நுரையோடு தெருவில் நின்று, "எல்லாம் சொல்லியாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். செனட்டில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார், வாஷிங்டனுக்குப் போகும் தேர்தலில் தோற்றார், தொழிற்சாலையைத் தன் அக்காள் மகனிடம் விட்டார். வீடு ஒவ்வொரு வருடமும் மேற்கே தள்ளிப்போனது. கெசையா ஜன்னலோரம் ராட்டையைப் போட்டுக்கொண்டு, வெளியே தெரிவதை உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். பார்லி வயல் வந்திருக்கு, பாலம் வந்திருக்கு, குட்டையா ஒரு பாதிரி வேலியோரமா நின்னு நம்மளையே பாக்கறாரு.

1860 ஜூனில், பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் ஜனத்தொகை எடுக்க வந்த பீட்டர் வான் டைன் என்பவர், திங்கட்கிழமை ஒரு கிராமத்தில் அந்த வீட்டைப் பதிந்தார். வியாழக்கிழமை எட்டு மைல் தள்ளி வேறு கிராமத்தில் அதே வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த வாரம் மூன்றாவது ஊரில், வேர்த்துப்போய், அழிரப்பரும் கையுமாகப் படியேறினார். ஏற்கெனவே எழுதியதில் ஹப்பெலின் தொழில் ஓரிடத்தில் வக்கீல் என்றும் ஓரிடத்தில் நாற்காலி உற்பத்தியாளர் என்றும் இருந்தது. மூன்றாவது முறை கேட்டபோது ஹப்பெல் சற்று யோசித்துவிட்டு, அரசியல்வாதி என்றார்.

"ஐயா, நீங்க எல்லாம் வழக்கமா எங்கதான் குடியிருக்கீங்க? ஒண்ணச் சொல்லுங்க. மத்த ரெண்டையும் அடிச்சுடறேன்."

ஹப்பெல் லொவீனாவைப் பார்த்தார். லொவீனா அடுப்பைப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் கெசையா லூமிஸ் ராட்டையை நிறுத்திவிட்டு வெளியே ஒருமுறை பார்த்தார். சரிவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, அப்பால் ஒரு சுண்ணாம்புக் காளவாய் புகைந்தது.

"இங்கதான்னு எழுதிக்கப்பா," என்றார் கெசையா. "எதையும் அடிக்காத."

வான் டைன் எழுதிக்கொண்டார். மேலதிகாரி மூன்று ஏட்டையும் சரிபார்த்து, மூன்றிலும் கையெழுத்துப் போட்டார்.